ஆலமரம்தான் எல்லைன்னு பத்திரத்துல இருக்கு, சரி, அதுல எந்த இடம்?

நிழல்தேடி:
பழைய பத்திரம் ஒண்ணு கையில இருக்கு, நாலு எல்லை சொல்ற எடத்துல "பெரிய ஆலமரத்துக்கு மேற்கு"ன்னு மட்டும் போட்டிருக்கு, கல்லும் இல்ல அளவும் இல்ல. மரம் இன்னும் நிக்குது ஆனா அடிமரம் பொந்து விழுந்து பாதி செத்துப்போச்சு, சுத்தி இறங்குன விழுதெல்லாம் தனி மரம் மாதிரி ஆயிடுச்சு. கிழக்கு நிலத்துக்காரர் மேற்கால கடைசியா இறங்குன விழுதுதான் எல்லைங்கறார். நாளைக்கு மரமே சாஞ்சிட்டா என்ன பண்றது?

கோணல்கோடு:
அவரு கணக்குப்படி பாத்தா உங்க எல்லை வருஷா வருஷம் மேற்க நகரும்ங்க, நல்ல ஐடியாதான் அவருக்கு 😀
ஆலமரம் நடக்கற மரம். கொல்கத்தா பக்கத்துல ஹவுரா தாவரவியல் பூங்காவுல இருக்கே பெரிய ஆலமரம், அதுக்கு அடிமரமே கிடையாது, பூஞ்சை விழுந்து 1925லயே வெட்டி எடுத்துட்டாங்க, மரம் பாட்டுக்கு ஆயிரக்கணக்கான விழுதுல நிக்குது. பத்திரம் எழுதுன அன்னிக்கு அடிமரம் எங்க நின்னுச்சோ அதுதான் பேச்சு. பொந்த விட்றாதீங்க, அதோட நடுவுலேர்ந்து கிணறு, பாறைன்னு அசையாத நாலஞ்சு பொருளுக்கு அளவெடுத்து வச்சிடுங்க, மரம் சாஞ்சாலும் இடம் போகாது.

சங்கிலிக்காரன்:
மேல சொன்னது சரி. அமெரிக்காவுல பழைய நில அளவைல இதுக்குன்னே சாட்சி மரம்னு ஒரு முறை இருந்துச்சு. மூலையில கம்போ கல்லோ நட்டுட்டு, பக்கத்து மரங்கள்ல வெட்டுத்தடம் போட்டு, என்ன மரம், எவ்வளவு பருமன், மூலையிலேர்ந்து எந்த திசை எவ்வளவு தூரம்னு நோட்டுல எழுதிடுவாங்க. மரம் எல்லை இல்ல, எல்லைக்கு சாட்சி மட்டும்தான். தரையொட்டியும் ஒரு தடம் போடுவாங்க, மரத்த வெட்டுனாலும் கட்டை பேசும்னு. அந்த வெட்டுக்கு மேல வருஷத்துக்கு ஒண்ணா வளர்ந்த வளையத்த எண்ணி எந்த வருஷம் போட்டதுன்னு கண்டுபிடிச்ச கேஸெல்லாம் உண்டு. ஆலமரத்துல அந்த வளையக் கணக்கு எல்லாம் நம்ப முடியாது, பனையில வளையமே கிடையாது.

ஓலைப்பைத்தியம்:
நம்ம ஆளுங்களும் மரத்த மட்டும் நம்பல. சோழர் செப்பேட்டுல பெண் யானைய எல்லை சுத்தி நடக்கவிட்டு "கல்லும் கள்ளியும் நாட்டி"ன்னு வரும், செடி வளரும் சாகும், கல்லு கிடக்கும். மனுஸ்மிருதி எட்டாவது அத்தியாயத்துல எல்லைக்கு ஆல், அரசு, பனைன்னு மரம் வைக்கச் சொல்லிட்டு, கூடவே கரி, ஓட்டாஞ்சில்லு, செங்கல், சாம்பல்னு மண்ணுக்குள்ள புதைக்கவும் சொல்லுது, மறுத்துப் பேசறவன் கண்ணுக்குத் தெரியாம இருக்கணும்ல. பொந்துகிட்ட ஏதாச்சும் கல்லு கிடக்கான்னு பாருங்களேன்.

நிழல்தேடி:
அய்யோ வேர் மூடிக்கிட்டு கிடக்கு, இத்தன நாளா கிளறிப் பாக்கணும்னே தோணல. நாளைக்கே போறேன்.

சங்கிலிக்காரன்:
தனியா போய் தோண்டாதீங்க சார்! கிழக்கு நிலத்துக்காரரையும் ஒரு சர்வேயரையும் வச்சுக்கிட்டு, கை வைக்கறதுக்கு முன்னாடியே போட்டோ எடுத்துக்கோங்க. இல்லன்னா கல்லு கிடைச்சாலும் நீங்களே கொண்டுவந்து போட்டதும்பாரு.