புதுப்பிப்பு: ஆட்டுக்கொட்டகை கேமரா தெரிகிறது

போன வாரம் கேட்டிருந்தேன்: மலேசியாவின் நிபோங் திபாலில் சித்தப்பாவின் ஆட்டுக்கொட்டகையில் சிம் போட்ட மோடம், அதில் கேமரா ரெக்கார்டர். அங்கேயே நின்று பார்த்தால் படம் வருகிறது, பட்டர்வொர்த் வீட்டிலிருந்து வரவில்லை. போர்ட்டை (வெளியிலிருந்து ரெக்கார்டருக்குள் நுழையும் வாசல் எண்) மாற்றச் சொன்னீர்கள். மூன்று தடவை மாற்றினேன், பலனில்லை.

கோளாறு போர்ட்டில் இல்லை. மோடத்தின் நிலைப் பக்கத்தில் ஐபி (இணைய முகவரி எண்) 100.81 என்று தொடங்கியது. அதே வைஃபையில் 'என் ஐபி என்ன' என்று தேடினால் வேறு எண்! 100.64 முதல் 100.127 வரை உள்ளவை, இணைய நிறுவனங்கள் தங்கள் வலைக்குள் புழங்க 2012இல் ஒதுக்கப்பட்டவையாம். 10இல் தொடங்கினாலும் இதே கதைதான். பல சிம்களுக்கும் சேர்த்து வெளியே ஒரே பொது ஐபி. நாம் உள்ளிருந்து கேட்டதற்குப் பதில் வரும். வெளியாள் வந்து தட்டினால் எந்த வீடு என்று தெரியாது.

மாறும் பொது ஐபி என்றால், எண் மாறினாலும் ஒரே பெயரில் பிடிக்க உதவும் டிடிஎன்எஸ் சேவை போதும். இந்த உள் ஐபிக்கு அதைப் போட்டு நான் இரண்டு நாள் வீணாக்கினேன். நிலையான ஐபி வேண்டுமென்றால் சிம் நிறுவனத்தில் வணிகத் திட்டம் எடுக்கச் சொன்னார்கள். பன்னிரண்டு ஆட்டுக்கு அதெல்லாம் ரொம்ப அதிகம்.

அப்புறம் பொது ஐபி உள்ள சின்ன சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். மோடமே வயர்கார்ட் (இரண்டு இடங்களுக்கு இடையே தனிப் பாதை போடும் விபிஎன் மென்பொருள்) வழியாக அதை அழைக்கிறது; வழி மூடிவிடாமல் இருக்க 25 விநாடிக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே இருக்கும். நானும் அதே சர்வர் வழியாக உள்ளே போகிறேன்.

இப்போது சித்தப்பா மணிக்கொரு தடவை ஃபோன் போட்டு, "என்னடா, கறுப்பு ஆடு தெரியுதா?" என்கிறார்.