ஃபேஸ்புக்ல கமெண்ட் போட்டா ரோட்டு லைட்டு எரியுமா?

செந்தூல்காரன்:
வணக்கம் மக்களே. நான் கேஎல் (கோலாலம்பூர்), செந்தூல் பக்கம். எங்க ஃபிளாட்லேந்து எல்ஆர்டி ரயில் ஸ்டேஷனுக்கு நடந்து போற வழியில மூணு லைட்டு வரிசையா அவுட்டு, ஒன்றரை மாசமாச்சு, தங்கச்சி நைட் ஷிப்ட் முடிஞ்சு வரும்போது நான்தான் கீழ எறங்கிப் போயி கூட்டிட்டு வர்றேன். இப்பதான் எல்லா ஆபீஸும் ஃபேஸ்புக் டிக்டாக்குன்னு வந்துட்டாங்களேன்னு ஒரு பேஜ்ல கமெண்ட் போட்டேன், எந்த ஆபீஸ்னு சொல்லல. ரெண்டே நிமிஷத்துல பதில், "உங்க அடுவானை (புகாரை) சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பிட்டோம், தெரிமா காசே (நன்றி)"ன்னு. அடேங்கப்பான்னு கொஞ்சம் கீழ தள்ளிப் பாத்தா ஒருத்தரு "வாழ்த்துகள் டத்தோ"ன்னு போட்டிருக்காரு, அவருக்கும் அதே பதில். அவரு வாழ்த்த எந்த பிரிவுக்கு அனுப்புனாங்களோ.

அப்புறம் மூணு தடவ போட்டாச்சு, ஒன்னும் நடக்கல. பேஜு மட்டும் ரொம்ப பிஸி, தினம் ரிப்பன் வெட்டுற படம். ஆன்லைன்ல சொல்லி யாருக்காச்சும் உண்மையிலேயே வேலை நடந்திருக்கா? பினாங்குல ஏதோ ஆப் நல்லா இருக்குன்னு சொல்றாங்களே, நிஜமா?

ஆயர் ஈத்தாம் அக்கா:
தம்பி அது பெட்டர் பினாங்கு ஆப். எனக்கு வேலை நடந்துச்சு, எல்லாருக்கும் நடக்குமான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. வீட்டு முன்னாடி லோங்காங் (சாக்கடை) அடைச்சு மழை பேஞ்சா தண்ணி வாசப்படி வரைக்கும் வந்துச்சு. படம் எடுத்து, மேப்ல இடத்தத் தொட்டு அனுப்பினேன், நம்பர் ஒன்னு வந்துச்சு, நாலாவது நாள் ஆளுங்க வந்து மண்ண அள்ளிட்டுப் போனாங்க. ஆனா படத்த கிட்ட போயி எடுக்காதப்பா. நான் முதல்ல அழுக்குத் தண்ணிய மட்டும் பெருசா எடுத்து வச்சிருந்தேன், எங்க வீட்டுக்காரரு பாத்துட்டு "இது நம்ம லோங்காங்கா, பட்டர்வொர்த் லோங்காங்கா, பாக்குறவனுக்கு எப்படித் தெரியும்"னு கேட்டாரு. எதிர்ப்பக்கம் நின்னு வீட்டு நம்பரோ கடை போர்டோ தெரியிற மாதிரி எடு.

ஃபேஸ்புக்க நான் அறிவிப்பு பாக்க மட்டும்தான் வச்சிருக்கேன். 2024 ஜனவரி 10 லேந்து வால்வு மாத்துறோம்னு தண்ணிய நிறுத்தினாங்களே, அப்ப எந்த ஏரியாவுக்கு எப்ப தண்ணி வரும்னு லிஸ்ட்டு அங்கதான் கிடைச்சுது, அத வச்சுதான் வாளி பேசின்லாம் ரொப்பி வச்சேன். உங்க ஊருக்கும் டிபிகேஎல்லோட (கேஎல் மாநகராட்சி) அடு அட் கேஎல்னு புகார் சிஸ்டம் இருக்கே, அதுல போட்டுப் பாத்தியா?

ரிட்டயர்ட் மாமா:
ரொம்ப வருஷம் கவர்மெண்ட் கவுண்டர்ல உக்காந்தவன், உள்ள நடக்குறத சொல்றேன். ஃபேஸ்புக் பேஜ பாத்துக்குறது பெரும்பாலும் கார்ப்பரேட் கம்யூனிகேஷன் பிரிவு. ரோட்டுல எறங்கி வேலை செய்யிற பிரிவு அந்தப் பக்கம் எட்டியே பாக்காது, அவங்க பாக்குறது சிஸ்டத்துல நம்பரோட வந்த அடுவான மட்டும்தான். யாராவது உங்க கமெண்ட்ட காப்பி பண்ணி சிஸ்டத்துல ஏத்தினாதான் அது அடுவான், இல்லன்னா அது வெறும் கமெண்ட். அதனால பதில் எவ்வளவு சீக்கிரம் வந்துச்சுன்னு பாக்காதீங்க, ரெஃபரன்ஸ் நம்பர் வந்துச்சான்னு பாருங்க. மினிஸ்ட்ரி, டிபார்ட்மெண்ட்டுன்னா சிஸ்பான்னு ஒரு புகார் சிஸ்டம். இழுத்தடிச்சாங்கன்னா 1971-ல ஆரம்பிச்ச பிரோ பெங்காடுவான் ஆவாமுக்கு, அதான் பொதுப் புகார் பிரிவுக்கு, அந்த நம்பரோட எழுதுங்க. நம்பர் இல்லாம போனா அவங்களும் "முதல்ல அங்க போட்டீங்களா"ன்னுதான் கேப்பாங்க.

இன்னொன்னு, அந்த லைட்டு யாரோடது? இதுலதான் பாதி அடுவான் செத்துப் போவுது. டவுன் ரோடுன்னா டிபிகேஎல், ஃபெடரல் ரோடுன்னா ஜேகேஆர் (பொதுப்பணித் துறை), ஹைவேன்னா டோல் கம்பெனி, ஸ்டேஷன் காம்பவுண்டுன்னா ரயில்காரங்க, ஃபிளாட் வேலிக்குள்ளன்னா உங்க ஜேஎம்பி (ஃபிளாட் நிர்வாகக் குழு). தப்பான வாசல்ல தட்டினா "எங்க பொறுப்பு இல்ல"ன்னு மூடிடுவாங்க, கணக்குல அது முடிஞ்ச கேஸு. கம்பத்துல நம்பர் எழுதியோ ஒட்டியோ இருக்கும், அத குறிச்சுக்கிட்டு போடுங்க.

பிரிக்பீல்ட்ஸ் ஜெய்:
மாமா சொல்றது சரி, ஆனா நான் வேற ஒன்னு கேக்குறேன், நாம ஏன் லைட்டுக்கு ஆப்ப நம்பி நிக்கிறோம்? அக்காவுக்கு பினாங்குல 40 சட்டமன்றத் தொகுதி, ஆப் வேலை செய்யலன்னா பக்கத்துல ஒய்பி (சட்டமன்ற உறுப்பினர்) சர்விஸ் சென்டர். கேஎல்லுக்கு சட்டமன்றமே கிடையாது, கவுன்சிலரும் கிடையாது, மொத்தம் 11 எம்பி, மேயர மேலேந்து போடுறாங்க. ஜார்ஜ்டவுன் 1957 ஜனவரி 1 சிட்டி ஆனப்ப முதல் மேயர் யாரு, டி.எஸ். இராமநாதன், ஓட்டு வாங்கி வந்த கவுன்சில்லேந்து வந்தவரு. அப்புறம் 1965-ல உள்ளூர் தேர்தல நிறுத்தினாங்க, 1976 உள்ளாட்சி சட்டத்தோட மொத்தமா போச்சு, கேஎல்ல அதுக்கும் முன்னாடியே இல்ல. ஓட்டு போட முடியாத எடத்துல லைக் போட விட்டிருக்காங்க, அவ்வளவுதான்.

சோசியல் மீடியா பக்கம் அரசியல்வாதிங்க ஓடி வந்ததே ஆளுங்கட்சி அடி வாங்குன 2008 மார்ச் 8 தேர்தலுக்கு அப்புறம்தானே. இன்டர்நெட்ட சாதாரணமா நெனச்சதுதான் பெரிய தப்புன்னு அப்பப் பிரதமரா இருந்த படாவியே ஒத்துக்கிட்டாரு. இன்னொரு பக்கம் தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தோட 233-ஆவது பிரிவு இருக்கு, கமெண்ட் கொஞ்சம் காரமா போச்சுன்னா அதையும் யோசிக்கணும்.

ரிட்டயர்ட் மாமா:
ஜெய், தேர்தல் வர்ற வரைக்கும் அந்தப் புள்ள இருட்டுலயா நடக்கணும்? நீங்க சொல்ற கத உண்மதான், அதுக்குன்னு கம்பத்து நம்பர எழுதக் கூடாதா.

கோட் அடிக்கிறவ:
ஐடில வேலை, அதனால வேற மாதிரி பாக்குறேன். செந்தூல் அண்ணே, உங்க அடுவான் உங்களுக்கும் அந்த ஆபீஸுக்கும் மட்டும்தான் தெரியுது, அங்கதான் சிக்கல். பிரிட்டன்ல 2007-லேந்து ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட்னு ஒன்னு இருக்கு, நீங்க போடுற குழி, லைட்டு எல்லாம் மேப்ல எல்லாரும் பாக்குற மாதிரி நிக்கும், என்னைக்கு போட்டது, என்ன பதில் வந்துச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரரும் பாக்கலாம், அதே லைட்டுக்கு பத்து பேரு தனித்தனியா எழுத வேணாம். நம்ம ஊர்ல "செலேசாய்" (முடிஞ்சுது)னு மூடினா அத பாக்குறது நீங்க மட்டும்தான்.

தைவான்ல இன்னும் சுவாரஸ்யம். 2015-ல ஊபர் பிரச்சனைக்கு போலிஸ்னு ஒரு டூல் வச்சு மக்கள்கிட்ட கேட்டாங்க, நம்ம போலீஸ் இல்ல, அது ஒரு சாஃப்ட்வேர் பேரு. அதுல ஒரு கருத்த பாத்து ஒத்துக்கலாம், மறுக்கலாம், விட்டுட்டுப் போகலாம், பதில் எழுதுற பட்டனே கிடையாது. திட்ட வழி இல்லாததால சண்ட இல்ல, எதிரெதிர் கூட்டமும் ஒத்துக்கிட்ட கருத்து எதுன்னு தெரிஞ்சுது, அத வச்சுதான் ரூல்ஸ் பத்தி பேசுனாங்க. நம்ம பேஜ்ல லைட்ட பத்தி கேட்டா ரெண்டாவது கமெண்ட்லயே கட்சி சண்ட ஆரம்பிச்சுடும்.

நம்பிக்கை பிரச்சனை வேற இருக்கு. படுங்கிற அரசாங்கத்தோட மக்கள் தகவல் தளம் 2024 ஜனவரி 2 தொடங்கின உடனே, ஐசி (அடையாள அட்டை) நம்பர் மட்டும் வச்சு அடுத்தவன் பாஸ்வேர்ட மாத்தலாம்னு முன்னாள் எம்பி ஓங் கியான் மிங் வெளிய சொன்னாரு, அப்புறம் சரி பண்ணாங்க. சரி பண்ணது நல்லதுதான், ஆனா எங்க அம்மா அதுக்கப்புறம் எதுலயும் ஐசி நம்பர் போட மாட்டேன்னுட்டாங்க. அதே அம்மா எஸ்டிஆர் (அரசாங்க உதவித் தொகை) காசு வந்திருக்குன்னு வாட்ஸ்அப்ல யாரோ அனுப்பின பொய் லிங்க்க அழுத்தப் போனாங்க, நான் கைய புடிச்சேன்! ஏன்னு கேட்டா "அதுல தமிழ்ல எழுதியிருந்துச்சுமா"ன்னாங்க. திருடனுக்குத் தெரியுது தமிழ்ல எழுதினா நம்புவாங்கன்னு.

ஆயர் ஈத்தாம் அக்கா:
அம்மாவ குத்தம் சொல்லாதம்மா. கோவிட் நேரத்துல மைசெஜாத்ரா ஆப் வந்தப்ப எங்க மாமியாருக்கு 70 வயசு, கடைக்குள்ள போகணும்னா கியூஆர்னு சொன்னதும் ரெண்டு நாள்ல கத்துக்கிட்டாங்க, யாராச்சும் பக்கத்துல உக்காந்து நம்ம பாஷையில சொன்னா போதும்.

செந்தூல்காரன்:
மன்னிக்கணும், ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன். மாமா சொன்னபடி நானும் தங்கச்சியும் டார்ச் எடுத்துட்டுப் போனோம். ரெண்டு கம்பத்துல ஒரே மாதிரி நம்பர் வரிசை, மூணாவது கம்பத்துல ஸ்டிக்கரு வேற கலரு, பாதி கிழிஞ்சிருக்கு, அதுக்கு மேல வீடு வாடகைக்குன்னு யாரோ நோட்டீஸ் ஒட்டியிருக்கான், நகத்தால சுரண்டித்தான் நம்பர படிச்சோம். ஒன்றரை மாசமா மூணையும் ஒரே ஆபீஸோடதுன்னு நெனச்சு ஒரே கமெண்ட்ல போட்டிருக்கேன். தனித்தனியா அடுவான் போட்டேன், ரெண்டுக்கு நம்பர் வந்துச்சு, போன வெள்ளிக்கிழம ரெண்டும் எரியுது. மூணாவது எங்க ஜேஎம்பியோடதாம். அவங்களுக்கு ஆப்பும் இல்ல பேஜும் இல்ல, ஆபீஸ் ரூம் வாசல்ல ஒரு அடுவான் புக்கு தொங்குது, பேனாவ காணோம். நாளைக்கு பேனா எடுத்துட்டுப் போறேன்.