சூடானால் ஏற்றத்தில் நின்றுவிடும் 1997 ஜிப்ஸி கிங்

வணக்கம் நண்பர்களே. என்னுடையது 1997 மாடல் மாருதி ஜிப்ஸி கிங் ஜீப், 1.3 லிட்டர் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் பாகம்) இன்ஜின். இரண்டு மாதமாக மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது பாதி மலையில் நின்றுவிடுகிறது.

கிளம்பும்போது ஒரு குறையும் இல்லை. அரை மணி நேரம் இரண்டாவது கியரில் ஏறியதும் இழுவை குறையும், இரண்டு மூன்று முறை உதறும், அப்புறம் அணைந்துவிடும். பத்து நிமிடம் பானெட்டைத் திறந்து வைத்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டுவதில்லை. சமவெளியில் 100 கி.மீ. ஓட்டினாலும் இந்தத் தொல்லை கிடையாது.

பெட்ரோல் ஃபில்டர், பிளக், பிளக் வயர் எல்லாம் புதிது. கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. டேங்க் மூடியைத் தளர்த்தியும் ஓட்டிப் பார்த்தேன், மாற்றமில்லை. பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலையும் பெட்ரோல் பம்பையும் இன்னும் தொடவில்லை.

கேட்ட இடமெல்லாம், "2000-இல் வந்த எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் சென்சார் வைத்துப் பெட்ரோலைப் பீய்ச்சும்) ஜிப்ஸிதான் நல்ல தலைமுறை, இதை விற்றுவிடு" என்கிறார்கள். அதற்கு 80 குதிரைத்திறன், இதற்கு 60தான். ஏற்றத்தில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். சரி. ஆனால் சென்சார் எதையும் நம்பாமல், ஸ்க்ரூடிரைவரும் ஸ்பேனரும் வைத்து ரோட்டோரத்திலேயே சரிசெய்ய முடிகிற வண்டி இது. 970 சிசி பழைய ஜிப்ஸியில் ஓட்டப் பழகியவன் நான், எனக்கு இதுதான் வேண்டும்.

வண்டி நின்ற அந்த நிமிடத்தில், காயில் சூடாகிச் செயலிழக்கிறதா, பம்பில் பெட்ரோல் ஆவியாகி அடைக்கிறதா என்று ரோட்டோரத்திலேயே எப்படிப் பிரித்துக் கண்டுபிடிப்பது?