மறு: ‘லைவ் ரீஜன்’ - தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

இந்த இழையில் ‘நேரலைப் பகுதி’, ‘உயிர்ப்புப் பகுதி’, ‘அறிவிப்புப் பகுதி’ என்று மூன்று சொற்கள் வந்துவிட்டன. மூன்றும் எனக்கு ஒட்டவில்லை. காரணம் சொல்வதற்கு முன்னால், திரைநவிலி (திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) பயன்படுத்தாதவர்களுக்காக ‘லைவ் ரீஜன்’ செய்யும் வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

திரைநவிலி பொதுவாகக் குவிமையம் (‘ஃபோகஸ்’, விசைப்பலகை இப்போது இயக்கும் இடம்) எங்கே நிற்கிறதோ அதைத்தான் வாசிக்கும். ஸ்லாக் என்ற அலுவலக அரட்டைச் செயலியில் நான் ஒரு பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று வையுங்கள். குவிமையம் எழுதும் பெட்டிக்குள் இருக்கிறது. அந்த நேரத்தில் பெட்டிக்கு மேலே புதுச் செய்தி ஒன்று வந்து விழுகிறது. பார்வையுள்ளவர் கையை எடுக்காமல் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு எழுதுவதைத் தொடர்வார். நான் எஃப்6 அழுத்திப் பகுதி பகுதியாகத் தாவி, செய்திப் பட்டியலுக்குப் போய், அம்புக்குறியால் கடைசி வரிக்கு வந்து கேட்டுவிட்டு, மறுபடி பெட்டிக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் அடுத்த செய்தி வந்திருக்கும்.

இந்த அலைச்சலைத் தவிர்க்கத்தான் செயலியை எழுதுபவர் அந்தப் பட்டியலுக்கு ஒரு குறிப்பு வைக்கிறார்: இங்கே ஏதாவது புதிதாக வந்தால், குவிமையம் எங்கிருந்தாலும் சரி, தானாகவே படித்துச் சொல். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2014இல் பரிந்துரையாக வெளியிட்ட, திரைநவிலி போன்றவற்றுக்கான ஏரியா 1.0 தரத்தில் இந்தப் பண்புக்கு ‘ஏரியா-லைவ்’ என்று பெயர். (நம் ஊரில் ஏரியா என்றால் வேறு. பயிற்சி வகுப்பில் ‘ஏரியா லைவ் ரீஜன்’ என்றால் எந்த ஏரியா என்றுதான் கேட்பார்கள். அதற்காகவாவது ஒரு தமிழ்ச் சொல் வேண்டும்.)

இனி வந்த கருத்துகளுக்கு வருகிறேன்.

> ‘நேரலை’ ஏற்கெனவே மக்களிடம் புழங்கும் சொல். புதிதாக எதற்கு?

புழங்குகிறது, கிரிக்கெட்டுக்கு. அங்கே நடப்பது அதே கணத்தில் இங்கே தெரிவதுதான் நேரலை. தேடல் பெட்டியில் எழுதியதும் ‘12 முடிவுகள்’ என்று காதில் விழுகிறதே, ‘கோப்பு ஏறிவிட்டது’, ‘கடவுச்சொல் தவறு’ என்றெல்லாம் வருகிறதே, அவையும் இந்த வகைதான். அவற்றில் நேரலையாக எதுவும் இல்லை. 2018இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 (வலைப்பக்கங்கள் எல்லாருக்கும் எட்டும்படி இருப்பதற்கான வழிகாட்டி), நிலைச் செய்திகளுக்கென்றே 4.1.3 என ஒரு விதி வைத்திருக்கிறது. குவிமையத்தை இழுத்துக்கொண்டு போகாமலேயே அந்தச் செய்தி பயனரிடம் சேர வழி இருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். நாம் தேடும் சொல்லிலும் அதுவே தெரிய வேண்டும்.

> அக்கா சொன்ன ‘அறிவிப்புப் பகுதி’யே எளிமையாக இருக்கிறதே?

எளிமைதான் அக்கா, ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. நோட்டிஃபிகேஷனுக்கு ‘அறிவிப்பு’ என்று எல்லாச் செயலிகளும் போட்டுவிட்டன. அது இயங்குதளத்தின் வழியாக, மணி அடித்துக்கொண்டு, செயலி மூடியிருந்தாலும் வரும். இதுவோ பக்கத்துக்குள்ளேயே இருப்பது. கண்ணால் பார்ப்பவருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஒரே அமைப்புப் பக்கத்தில் இரண்டும் அடுத்தடுத்து நின்று, ‘அறிவிப்புகளை முடக்கு’ என்று ஒருவர் அழுத்தினால் எது முடங்கும்?

‘உயிர்ப்புப் பகுதி’ பற்றி அதிகம் பேச வேண்டாம். மூச்சுப் பயிற்சி வகுப்பு போல இருக்கிறது.

என் பரிந்துரை: தானுரைப் பகுதி. சுருக்கமாகத் தானுரை.

தானியங்கி, தானுந்து என்று நமக்குப் பழகிய வாய்ப்பாடு. பெயராகவும் வினையோடும் வளையும்: ‘இதற்குத் தானுரை வை’, ‘தானுரையை எடுத்துவிடு’. பிழையறிக்கை எழுதும்போது இந்தச் சொல் கையில் இருந்தால் எவ்வளவு வசதி என்பதற்கு ஓர் உதாரணம். முன்பு வேலை பார்த்த இடத்தில், அவர்களே செய்த அரட்டைச் செயலி ஒன்று இருந்தது. அதில் பழைய உரையாடலைப் பார்க்க மேலே போனால், பழைய செய்திகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டியலில் வந்து சேரும். உலாவிக்கு எது பழசு எது புதுசு என்று தெரியாது. பட்டியலில் ஏதோ சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். உடனே திரைநவிலி வாசிக்கத் தொடங்கிவிடும்: ‘சர்வர் விழுந்துவிட்டது, உடனே யாராவது பாருங்கள்’. எழுதியது போன மாதம். கேட்பவனுக்கோ அது இப்போது. இதை அங்கே இருந்த நிரலாளருக்கு ஒரு பத்தி எழுதித்தான் புரியவைக்க முடிந்தது. ‘பழைய செய்திகளை ஏற்றும்போது தானுரையை நிறுத்தி வையுங்கள்’ என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம்.

அந்தச் செயலியில் ‘இன்னார் தட்டச்சு செய்கிறார்’ என்பதற்கும் தானுரை இருந்தது. அவர் யோசித்து யோசித்து எழுதுபவர் என்றால் அன்றைய பொழுது போச்சு.

> தொல்லை என்றால் பயனரே அணைத்துக்கொள்ளலாமே?

அணைக்கலாம். என்விடிஏ என்ற திரைநவிலியில், அதற்கென்று உள்ள என்விடிஏ விசையோடு 5ஐ அழுத்தினால் மொத்தமும் அணைந்துவிடும். அப்புறம் கோப்பு ஏறியதா என்பதும் தெரியாது, கடவுச்சொல் தவறு என்பதும் தெரியாது. ஸ்லாக்கில் வரும் செய்திகளை உரக்கப் படிப்பதற்கு மட்டும் தனியே ஒரு தெரிவு வைத்திருக்கிறார்கள். அதுதான் முறை.

> பொலைட் = பணிவு, அசெர்டிவ் = அழுத்தம் என்று வைக்கலாமா?

வேண்டாமே ஐயா. இவை ஏரியா-லைவுக்கு வைக்கும் இரண்டு மதிப்புகள். இங்கே குணத்துக்கு வேலை இல்லை, வரிசைதான் கணக்கு. முதலாவது, இப்போது வாசித்துக்கொண்டிருப்பது முடியட்டும் என்று காத்திருந்து சொல்லும். இரண்டாவது, நடுவில் புகுந்து பேச்சை மறித்துச் சொல்லும். ஆகவே காத்துரை, மறித்துரை. அரட்டைப் பட்டியல் போன்றவற்றுக்காக ஏரியாவில் ‘லாக்’ என்று ஒரு வகை உண்டு, அதன் இயல்பே காத்துரை. ‘அலெர்ட்’டின் இயல்பு மறித்துரை. அமர்வு முடியப்போகிறது என்பது மாதிரியான சேதிக்கு அது சரி. ‘நன்றி’க்கும் ‘ஓகே’வுக்கும் மறித்துரை வைத்தால் வேலை பார்த்த மாதிரிதான்.

காத்துரையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. என்விடிஏவின் இயல்பு அமைப்பில், நாம் ஓர் எழுத்தைத் தட்டினாலே பேச்சு நின்றுவிடும். ‘நாளைக்கு ரிலீஸ் இரு...’ என்று வரும்போது என் விரல் ஒரு விசையில் பட்டுவிட்டால் முடிந்தது. இருக்கிறதா, இருக்காதா? ஆங்கிலத்தில் மறுப்பு வாக்கியத்தின் நடுவிலேயே வந்துவிடும், நமக்கோ வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. மறுபடி எஃப்6, மறுபடி பட்டியல். எழுதிக்கொண்டிருக்கும்போது வருவதைத் தானுரை முழுதாகக் காப்பாற்றும் என்று நம்பி யாரும் செயலி செய்யக் கூடாது. செய்தி பட்டியலிலும் ஒழுங்காக, அம்புக்குறிக்கு எட்டும்படி இருக்க வேண்டும்.

> ‘உரை’ என்றால் பேச்சு. பிரெயில் காட்டியில் விரலால் படிப்பவர்களுக்குப் பொருந்துமா?

இழையில் வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். உரைநடை, உரைக்கோப்பு, மாற்று உரை என்று எழுத்துக்கும் நாம் உரை என்றே சொல்கிறோம். காதில் விழுவது, விரலில் தட்டுப்படுவது இரண்டையும் இந்தச் சொல் ஏற்கும். ‘தான்பேசு பகுதி’ என்பதை நான் ஒதுக்கியது இதனால்தான்.

‘தன்னுரை’ என்று படித்து, சுயசரிதை என நினைத்துக்கொள்வார்களோ என்ற அச்சம் எனக்கும் இருந்தது. எழுத்தைப் பேச்சாக்கும் ஈஸ்பீக்கின் தமிழ்க் குரலில், நான் வழக்கமாகக் கேட்கும் வேகத்திலேயே வைத்துப் பார்த்தேன். நெடில் தெளிவாகக் கேட்கிறது. ‘நிகழறிவிப்புப் பகுதி’யையும் போட்டுக் கேட்டேன். ‘ப்புப்ப’ என்ற இடத்தில் பட்டாணி உருளும் சத்தம்தான் வந்தது. காதால் கேட்பவர்களுக்கான சொல்லைக் காதில் போட்டுப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள் என்று இங்குள்ள மற்றவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வலுவான மறுப்பு வரவில்லை என்றால், தானுரை, காத்துரை, மறித்துரை மூன்றையும் மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றிவிடுகிறேன். மறித்துரை கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கிறது என்பவர்கள் மாற்றுச் சொல் தாருங்கள்.

அடுத்தது ‘ஏரியா-அடாமிக்’. ‘3 புதிய செய்திகள்’ என்பது 4 ஆக மாறினால், வெறுமனே ‘4’ என்று மட்டும் வாசிக்க வேண்டுமா, ‘4 புதிய செய்திகள்’ என்று முழுவதையும் வாசிக்க வேண்டுமா என்பதைச் சொல்லும் பண்பு அது. ‘முழுதுரை’ என்று வைத்திருக்கிறேன். ‘அணு’ என்று மட்டும் யாரும் ஆரம்பித்துவிடாதீர்கள்.