வாழ்ந்து கெட்டதுக்கு நம்ம பக்கம் என்னென்ன சொல்லுவாக?

கேள்வி:
காரைக்குடிப் பக்கம் பெரியவுக பேச்சுல கஷ்டகாலத்துக்கு எத்தனையோ சொல்லு வரும், இப்ப பிள்ளைக எல்லாத்துக்கும் "லாஸ் ஆயிருச்சு"ன்னு ஒண்ணையே சொல்லுதுக, கேக்க வருத்தமா இருக்கு. எங்க அப்பத்தா "நொடிச்சுப்போன வீடு"ம்பாக. உங்களுக்குத் தெரிஞ்சதப் போடுங்க.

பதில் 1:
நொடிச்சுப்போறது வேற, வாழ்ந்து கெட்டது வேற தம்பி. தொழில் நொடிச்சாலும் எந்திரிச்சு வந்துட்டா "தலையெடுத்துட்டான்"ம்பாக. வாழ்ந்து கெட்டதுங்கிறது ஓகோன்னு இருந்த குடும்பத்துக்குத்தான் சொல்றது. கோர்ட்ல திவால் போட்டா "மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான்".

பதில் 2:
பர்மாவ விட்டுட்டு இதப் பேச முடியுமா? 1930கள்ல நெல்லு விலை விழுந்து, அங்க வட்டிக்கடை வச்சிருந்த நம்ம செட்டியார்ககிட்ட கடன் வாங்குன விவசாயிகளால கட்ட முடியாம ஏகப்பட்ட நெலம் அவுக கைக்கு வந்துச்சு, 1942ல ஜப்பான்காரன் ரங்கூனப் புடிச்சான், அதுக்குள்ள பாதிச்சனம் போட்டது போட்டபடி கெளம்பி, கப்பல் கெடைக்காதவுக காடு மலையெல்லாம் நடந்தே வந்தாக, 1948க்கு அப்புறம் பர்மா சர்க்கார் நெலத்தையும் எடுத்துக்கிருச்சு. "முப்பது வருசம் வாழ்ந்தவனும் இல்ல, தாழ்ந்தவனும் இல்ல"ன்னு எங்க ஐயா சொல்லும்போது அதுக்குள்ள இம்புட்டும் இருக்கும். முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடைகள்ல பித்தளை அடுக்கத் தூக்கிப் பாருங்க, விளிம்புல விலாசம், அதான் குடும்பத்துப் பேரோட மொத எழுத்துக, வெட்டியிருக்கும், அது ஒரு பொண்ணுக்கு வச்ச சீரு. எனக்கு வாங்க மனசே வராது.

பதில் 3:
எங்க வீட்டு ஆச்சிமாரு "இல்ல"ங்கிற சொல்லையே எடுக்க மாட்டாக. "கை கொஞ்சம் இறுக்கமா இருக்கு"ம்பாக, அம்புட்டுதான். பெரியவுக பேசுறத போன்லயாச்சும் ரெக்கார்ட் பண்ணி வைங்கப்பா.