பெல்லட் கிரில் வெப்பநிலையைக் கூட்டிக் காட்டுகிறது

கேள்வி: கடலோர ஊரான மண்டபத்தில் எங்கள் உணவகத்து பெல்லட் கிரில் (அழுத்திய மரத்துகள் உருளைகளைத் தானே தள்ளி எரித்துச் சுடும் அடுப்பு), ஆறிக் கிடக்கும்போதே 70 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது; அதை நம்பி இயந்திரம் மரத்துகள்களைக் குறைத்துத் தள்ளுவதால் விளைமீன் நடுமுள்ளருகே வேகாமலே நிற்கிறது. வெப்பத்தை அளக்கும் சென்சாரை மாற்றுவதா, கட்டுப்பாட்டுப் பலகையையா?

பதில் 1: மின்சாரத்தைத் துண்டித்து, சென்சாரைப் பலகையிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரில் அதன் மின்தடையை (ஓம் அளவை) பாருங்கள். பிடி1000 வகையானால் (0 டிகிரியில் 1000 ஓம் காட்டும் பிளாட்டினச் சென்சார்), 30 டிகிரியில் ஏறத்தாழ 1117 ஓம் இருக்க வேண்டும். டிகிரிக்குச் சுமார் 3.85 ஓம் கூடும்.

கேட்டவர்: நன்றி ஐயா. 1119 ஓம் வருகிறது.

பதில் 2: அப்படியானால் சென்சார் நல்லதே. நம் கரையின் உப்புக்காற்றில் சென்சாரைப் பலகையோடு இணைக்கும் செருகியின் ஊசிகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும்; அந்தக் கூடுதல் மின்தடையையே பலகை வெப்பமாகக் கணக்கிடுகிறது. தொடுமுனைத் துப்புரவுத் தெளிப்பானால் சுத்தம் செய்து பாருங்கள். அதன் பிறகும் 70 காட்டினால் மட்டுமே பலகையைச் சந்தேகியுங்கள்.