பிஎம்எஸ் திடீரென்று துண்டித்தால் ஆல்டர்னேட்டரை எப்படிக் காப்பது?

அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் மோட்டார்ஹோமில் 12 வோல்ட் லித்தியம் பேட்டரிக்கென்றே தனி ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுழற்ற மின்சாரம் தரும் கருவி) இருக்கிறது. ஒரு செல் 3.65 வோல்ட்டைத் தாண்டினாலோ, டிராகன்ஸ்பர்க் மலைப் பக்கம் குளிர்கால விடியலில் செல்கள் உறைநிலைக்குக் கீழே போனாலோ, பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் மின்னணுச் சுற்று) சட்டென்று இணைப்பை வெட்டிவிடும். பேட்டரிக்கு அது நல்லதுதான். ஆனால் ஆல்டர்னேட்டரின் காந்தப்புலம் அந்தக் கணத்தில் தணிந்துவிடாது. போக்கிடமில்லாத மின்னழுத்தம் எகிறி டயோடுகளையும், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் பொசுக்கிவிடும்.

மின்வெட்டுக் காலத்துக்குப் பிறகு இங்கே லித்தியம் பொருத்துபவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களுக்கு வீட்டு இன்வெர்ட்டர் அத்துப்படி. ஆல்டர்னேட்டர் என்றதும் பேச்சை மாற்றுகிறார்கள்.

எகிறலை விழுங்கும் சர்ஜ் புரொடெக்டரை ஆல்டர்னேட்டர் முனையிலேயே பொருத்தினால் போதுமா? சிறிய ஈய அமில பேட்டரி ஒன்றையும் கூடவே இணைத்துவைக்க வேண்டுமா? துண்டிப்பதற்கு முன்பே பிஎம்எஸ் சைகை கொடுத்து ரெகுலேட்டரை நிறுத்துவதே சரியான வழி என்று எனக்குத் தோன்றுகிறது. பேட்டரிப் பெட்டியிலிருந்து மெல்லிய நீலக் கம்பி ஒன்று, முனையில் டேப் சுற்றியபடி, எதனோடும் சேராமல் தொங்குகிறது. அது அந்தச் சைகைக் கம்பிதானா என்று மல்டிமீட்டரால் எப்படிச் சோதிப்பது? டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ இதைச் செய்துபார்த்தவர்கள் தயவுசெய்து வயரிங் படத்தோடு விளக்குங்கள். பிள்ளைகளோடு மலைப்பாதையில் போகிற வண்டி இது.